உச்சிக் குழாய்

போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்துக்கு மேலே நிற்கும் குன்றின் உச்சியில், தன் புதுக் குழாய்க்கு அடியில் பீப்பாயை வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள் வெர்னீஸ். கீழே கடற்கரை ஹோட்டல் வாசலில் நீரூற்று பகலெல்லாம் குதிக்கிறது. உச்சிக்கு மட்டும் இத்தனை வருஷமாகத் தண்ணீர் அவள் தலையில் ஏறித்தான் வந்தது. இன்று புதுக் குடிநீர்த் திட்டத்துக்குச் சோதனை. இன்று தண்ணீர் மேலே ஏறாவிட்டால் உச்சி வீடுகளைத் திட்டத்திலிருந்தே கழற்றிவிடுவார்களாம்.

குழாய் ஒரு தரம் இருமியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

"கீழே அத்தனை பேரும் திறந்து வெச்சிருக்காங்கம்மா," என்றார் சோதிக்க வந்திருந்த இன்ஜினியர் ராம்லோகன். "கொஞ்ச நேரம் மூடினாப் போதும், மேல ஏறிடும். நான் சொன்னா எவன் கேக்குறான்?"

எப்படிக் கேட்பான்? தண்ணீர் வந்தால் வாளி, அண்டா, பிள்ளை குளிக்கும் தொட்டி வரை நிரப்பு, நாளைக்கு வருமோ வராதோ! அந்தக் குன்றில் பிறந்த பிள்ளை நடக்கும் முன்னே படிக்கும் பாடம் அது.

வெர்னீஸ் படிகளில் இறங்கி ஓடினாள். "அடேய் டூரில், மூடுடா!"

"போக்கா, இப்பத்தான் ரெண்டாவது பீப்பா நிறையுது!" பல்லைக் காட்டினான் கீழ்வீட்டு டூரில்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்போதுதான் எண்ணெய்ப் பீப்பாயை வாத்தியமாக்கி வாசிக்கும் ஸ்டீல் பான் குழுவின் கொட்டகை கண்ணில் பட்டது. உள்ளே தொங்கியது இரும்பு, பழைய லாரியின் பிரேக் டிரம். குழுவுக்கு அதில் தாளம் போடுபவளே அவள்தான். அந்த இரும்பு நின்றால் எவன் கையும் அசையக்கூடாது. கார்னிவல் திருவிழா ஒத்திகையில் அதற்காக அவளிடம் திட்டு வாங்காத வீடே குன்றில் இல்லை.

பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அடித்தாள். கணீர் கணீரென்று குன்றே அதிர்ந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருத்தி இடுப்பை ஆட்டவே தொடங்கிவிட்டாள். வெர்னீஸ் சட்டென்று நிறுத்தினாள்.

அப்படியே நின்றது குன்று.

"எல்லாரும் குழாயை மூடுங்க! நான் மறுபடி அடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது!"

கிறீச் கிறீச்சென்று திருகும் சத்தம் வீடுவீடாகக் கேட்டது. டூரில்கூட முணுமுணுத்துக்கொண்டே மூடினான்.

உச்சியிலிருந்து அவள் மகள் தொண்டை கிழியக் கத்தினாள்: "அம்மா! வந்துடுச்சு! கொட்டோ கொட்டுன்னு கொட்டுதும்மா!"

"ஏறிடுச்சு! ரிப்போர்ட்ல எழுதிட்டேன்!" ராம்லோகனும் தன் பதவியை மறந்து கூவினார்.

வெர்னீஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. குன்று முழுக்க விசிலும் கைதட்டலும்.

"அக்கா, அடிச்சுத் தொலை! என் பீப்பா பாதியில நிக்குது!" என்று கெஞ்சினான் டூரில்.

அவள் இரும்புக் கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாகப் படியேறினாள்.

"இருடா. முதல்ல என் பீப்பா நிறையட்டும்."