நீலவாள் ஏன் அங்கே நின்றது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இணையத்தில் எரிகல் என்று பெயர். அந்தப் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. விண்கல், வால்மீன் ஆகிய இரண்டையும் வேறு யாரோ முந்திக்கொண்டு எடுத்துவிட்டதால்தான் எரிகல்லில் வந்து நின்றார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். பகல் முழுவதும் அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைக்குள், கையில் கிரீஸும் காதில் இரைச்சலுமாக இருப்பார். மாலையில் குளித்துவிட்டு சோபாவின் மூலையில் சாய்ந்தாரானால் ஆளே வேறு. 'சூனிய எல்லை' என்னும் விண்வெளிப் போர் விளையாட்டின் நான்கு பாகங்களிலும் எது நடந்தது, எது நடக்கவில்லை, எது நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதராகிவிடுவார்.

விளையாட்டில் அவர் சூரர் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் பாகத்தில் பாறைகளுக்கு நடுவே கப்பலை ஓட்டிச் செல்லும் கட்டத்தில் அவர் செத்த சாவுகளுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் அவர் மனைவிதான், அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வந்து, அது கொதிப்பதற்குள் அந்தக் கட்டத்தைக் கடந்து கொடுத்தாள். இந்தச் செய்தியும் அவர் தீர்ப்புச் சொல்லும் இணைய ரசிகர் குழுவுக்குத் தெரியாது.

குழுவில் அவருக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. பெயர் நங்கூரம். விலங்கு மருத்துவர், பெண் என்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே சண்டை ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். இரண்டாம் பாகத்தின் இறுதிப் போரில் நீலவாள் என்ற தாய்க்கப்பல் நடுவில் முறிந்து சூரியனுக்குள் விழுகிறது. அந்த இடத்தில் அழாத ரசிகன் கிடையாது. மூன்றாம் பாகத்தில், வீரர்கள் ஒரு விண்நிலையத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் காட்சியில், ஜன்னலுக்கு வெளியே அதே நீலவாள் ஒரு கீறல் கூட இல்லாமல் நிற்கிறது. கதையில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதுமில்லை.

அது அதே பெயரில் பிறகு கட்டப்பட்ட தங்கைக் கப்பல் என்பது எரிகல்லின் கட்சி. மூன்றாம் பாகத்தின் கதை உண்மையில் இரண்டாம் பாகத்துக்கு முன்னால் நடப்பது என்பது நங்கூரத்தின் கட்சி.

"அப்படியானால் மூன்றாம் பாகத்தில் கேப்டனின் தாடி ஏன் நரைத்திருக்கிறது?" என்று எரிகல் ஒருமுறை மடக்கினார்.

"இரண்டாம் பாகத்தில் சாயம் பூசியிருக்கிறார்" என்று பதில் வந்தது.

"போர்க்களத்துக்கு யாராவது சாயம் பூசிக்கொண்டு போவார்களா?"

"என் வீட்டுக்காரர் பல் பிடுங்கப் போனாலே பூசிக்கொண்டுதான் போவார்."

குழுவில் அத்தனை பேரும் சிரித்துத் தள்ளினார்கள். எரிகல் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சண்டையில், ஒருநாள் மாலை அவர் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு குண்டைப் போட்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட். நாளெல்லாம் பிறருடைய கழுத்தையும் தோளையும் மணிக்கட்டையும் பிடித்துச் சரிசெய்கிறவள்.

"என்னங்க, உங்க அந்தக் கப்பல் பேரு என்ன, நீலக்கத்தியா?"

"நீலவாள்."

"ஏதோ ஒண்ணு. என்கிட்ட மணிக்கட்டு வலின்னு ஒரு தம்பி வராரு. கம்ப்யூட்டர்ல படம் வரையற வேலையாம். பேச்சுவாக்குல உங்க கதைய எடுத்து விட்டேன். அந்த விளையாட்டுல மூணாவது பாகம் செஞ்சதுல அவரும் ஒருத்தராம். ஜன்னலுக்கு வெளிய இருக்கறதெல்லாம் அவர் வேலைதானாம்."

எரிகல் எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"கேட்டியா நீ? அந்தக் கப்பலப் பத்தி?"

"நான் எதுக்குக் கேக்கணும்? ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வரச் சொல்லியிருக்கேன். நீங்களே கேட்டுக்குங்க. அவரே வரேன்னாரு, பாவம், விஷயம் தெரியாம."

அதற்குள் எரிகல்லின் மனசாட்சி விழித்துக்கொண்டது. எதிர்க்கட்சி இல்லாமல் தீர்ப்பு வாங்கினால் அது செல்லுமா? நாளைக்கு நங்கூரம் அதையே பிடித்துக்கொண்டு தொங்குமே. மனைவியிடம் கூடச் சொல்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக விரோதிக்குத் தனிச்செய்தி அனுப்பினார். முகவரியும் கொடுத்தார். நங்கூரம் ஒரே வார்த்தையில் பதில் போட்டாள்: "வருகிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் திறந்தபோது வாசலில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கண்ணாடியும் பருத்திப் புடவையுமாக நின்றிருந்தார். புடவை முந்தானை முழுக்க வெள்ளை நாய் முடி. இவ்வளவு காலம் எரிகல் மனதில் ஏசியதெல்லாம் இந்த அம்மாளையா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. 'மூளை வெற்றிடம்' என்று ஒருமுறை குழுவில் எழுதியும் இருக்கிறார்.

"எரிகல் சார்?"

"உள்ள வாங்க டாக்டர்."

"நான் உங்கள இன்னும் உயரமா நெனச்சிருந்தேன்" என்றார் அவர், செருப்பை வரிசையாக வைத்துவிட்டு.

மணிக்கட்டில் பட்டை கட்டிய இளைஞர் சற்றுத் தாமதமாக வந்தார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். இடது கையால் பிஸ்கட் எடுத்து டீயில் நனைத்து நிதானமாகத் தின்றார். மனைவி எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்ப்பதற்கென்றே உட்கார்ந்தாள். எரிகல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரு கட்சிகளின் வாதங்களையும் எடுத்துவைத்தார். நியாயமாகத்தான் வைத்தார். இடையிடையே டாக்டர் திருத்தினார். தங்கைக் கப்பல், முன்கதை, தாடி, சாயம், எல்லாம் வந்தன. இளைஞர் பிஸ்கட்டை நனைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க" என்றார் எரிகல். "அந்தக் கப்பல் ஏன் அங்க நிக்குது?"

"அந்த ஜன்னல் காலியா இருந்துச்சு சார். மேலதிகாரி வந்து பாத்துட்டு, ஏதாவது பெருசா ஒண்ணு வெக்கச் சொன்னாரு. பழைய பாகத்துக் கப்பல்ல கையில கிடைச்சத எடுத்து வெச்சேன்."

"வெடிச்ச கப்பல்னு தெரியாதா?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் ரெண்டாவது பாகம் விளையாடினதில்ல மேடம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எரிகல்லுக்குக் காது சூடேறியது. எத்தனை மாலைகள், எத்தனை கட்டுரைகள், தாடியை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பார். எல்லாவற்றுக்கும் விடை, காலி ஜன்னல்.

முதலில் சுதாரித்துக்கொண்டது டாக்டர்தான். "தம்பி, வெச்சது நீங்க. ஒத்துக்கறேன். ஆனா அது ஏன் அங்க இருக்குங்கறது வேற கேள்வி."

"அதேதான்" என்றார் எரிகல் சட்டென்று. "நான் லிஃப்ட் மாட்டறேன். அதுல யார் எந்த மாடிக்கு, எதுக்குப் போறாங்கன்னு சொல்ற உரிமை எனக்கு இருக்கா?"

"இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப இவருக்கு மட்டும் எப்படி இருக்கும்?"

இவ்வளவு வருஷத்தில் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீடு தேடி வந்த விருந்தாளியை இருவரும் சேர்ந்து பிடிபிடியென்று பிடித்தார்கள். கப்பல்கள் எத்தனையோ இருக்க, அதை மட்டும் ஏன் எடுத்தார்? பட்டியலில் அது மேலே இருந்ததாம். அது ஏன் மேலே இருந்தது? அவருக்குத் தெரியாதாம். "பாத்தீங்களா, தெரியலங்கறாரு" என்று எரிகல் மனைவியின் பக்கம் திரும்பி வெற்றியோடு சொன்னார்.

"அவர விடுங்களேன். கைவலிக்கு வந்தவருக்குத் தலைவலியும் குடுக்காதீங்க" என்றாள் அவள்.

ஆனால் இளைஞர் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டிருந்தார். காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "கப்பல் அழிஞ்ச விஷயம் எதிரிக்கு உறுதியாத் தெரியாதுன்னு வெச்சுக்குங்க. நிலையத்துல இருக்கறவங்க வெறும் தகட்டுல அதே மாதிரி ஒரு கூடு கட்டி வெளிய நிறுத்தி வெச்சிருந்தா? எதிரி தூரத்துல இருந்து பாத்துட்டு, இன்னும் இருக்குடான்னு பயந்து போயிடுவான் இல்ல? நம்ம ஆளுங்களுக்கு அது பொம்மைன்னு தெரியும். அதனாலதான் யாரும் திரும்பிக்கூடப் பாக்கல."

எரிகல்லும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுத்தப் பேத்தல்" என்றார் டாக்டர்.

"ஆதாரமே இல்ல" என்றார் எரிகல். "தம்பி, நீங்க இந்த விஷயத்துக்குப் புதுசு."

இளைஞர் போகும்போது குழுவின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாசலில் டாக்டர் எரிகல்லிடம், "அந்த மூளை வெற்றிடம்னு எழுதினது நல்லா இருந்துச்சு. என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இளைஞர் 'தகடு' என்ற பெயரில் குழுவில் சேர்ந்தார். தான் யார் என்று சொல்லாமலே பொம்மைக் கப்பல் கருத்தை எழுதினார். எரிகல்லும் நங்கூரமும் மாறி மாறித் தாக்கினார்கள். அப்படியும் அந்தக் கருத்து வளர்ந்துகொண்டே போனது. எரிகல்லின் கட்சியிலிருந்தே ஆட்கள் கழன்று அந்தப் பக்கம் போனார்கள். மனைவி சாப்பாட்டு மேசையில் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஒரு கப்பல், அதுவும் பொம்மைக் கப்பல். எதுக்கு இப்படி மல்லுக்கட்டணும்?"

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் போய்த் தேடினா கிடைக்கும். சும்மா நின்னுச்சுன்னு சொல்லிட்டு நான் வீட்டுக்கு வர முடியாது. உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்கு."

"சரி. நேத்து சோப்பு வாங்க மறந்தீங்களே, அதுக்கு என்ன காரணம்?"

"அது சும்மாதான்."

அந்த வாரம் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கேபினின் கூரை மேல் உட்கார்ந்து கேபிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குள் ஒரு உறுத்தல் எழுந்தது. லிஃப்ட் ஏறியிறங்கும் குழியின் இருட்டில் ஒவ்வொரு மாடியின் கதவிடுக்கிலும் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. ஒரு மாடியில் மட்டும் இல்லை. அந்த மாடி காலி, குடித்தனம் இன்னும் வரவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், குளிக்கக்கூட இல்லை, மூன்றாம் பாகத்தைப் போட்டார். விண்நிலையக் காட்சி வந்தது. வெளியே தூரத்தில் நின்ற சின்னச் சின்னக் கப்பல்களில் எல்லாம் ஜன்னல் விளக்குகள் மஞ்சளாகப் புள்ளிவைத்திருந்தன. நடுவில் நின்ற நீலவாளில் ஒரு விளக்கு கிடையாது. அடியிலிருந்து முனைவரை ஒரே இருட்டு. தாடியையே உற்றுப் பார்த்த இத்தனை வருஷத்தில் அவர் கண்ணில் இது படவே இல்லை.

இளைஞருக்குப் போன் செய்தார். "தம்பி, நீலவாள்ல விளக்கு எரியல."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "ஆமா சார். அவசரத்துல விளக்கு போட மறந்துட்டேன்."

"நீங்க மறக்கல" என்றார் எரிகல். "அதுக்குள்ள ஆள் இல்ல. வெறும் கூடு. நீங்க சொன்னதுதான் சரி."

"நெசமாவா சார்?"

"நெசமா."

டாக்டருக்குப் படத்தை அனுப்பினார். அங்கிருந்து "சே" என்று வந்தது. அதன் பின்னால், "நீங்கள் முதலில் எழுதுங்கள். எனக்கு ஒரு பூனைக்குத் தையல் போடவேண்டியிருக்கிறது" என்று வந்தது.

எழுதுவது அவ்வளவு லேசாக இல்லை. அவர் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில், தங்கைக் கப்பல் கருத்து தவறு என்றும், விளக்குகளைக் கவனிக்காமல் விட்டது தன் குறை என்றும், தகடு சொன்னதே சரி என்றும் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். மனது லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தார். பாராட்டுகள் வரும், பெருந்தன்மை என்பார்கள் என்று கொஞ்சம் ஆசைகூட இருந்தது.

குழுவில் ஒருவரும் நம்பவில்லை.

இது எரிகல்லின் எழுத்தே இல்லை என்றார் ஒருவர். கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மிகவும் உழைத்து ஒரு நீண்ட கட்டுரையே போட்டார். எரிகல்லின் பழைய பதிவுகள் அனைத்தையும் படித்ததாகவும், 'தவறு' என்ற சொல்லை அவர் பிறரைப் பற்றி மட்டுமே பயன்படுத்தியிருப்பதாகவும், ஆகவே இந்தப் பதிவு இதுவரை நாம் அறிந்த எரிகல்லோடு எந்த வகையிலும் பொருந்தவில்லை என்றும் மேற்கோள்களோடு நிறுவியிருந்தார்.

"நான்தான்" என்று எழுதினார் எரிகல்.

"திருடனும் அப்படித்தான் சொல்வான்" என்று பதில் வந்தது.

தையலை முடித்துவிட்டு வந்த நங்கூரம், அவர்தான் எழுதினார், எனக்கு நேரில் தெரியும், நானும் அவர் கட்சிதான் என்று சாட்சி சொன்னார். அது நிலைமையை மோசமாக்கியது. எரிகல்லுக்காக நங்கூரம் பரிந்து பேசுகிறாளாம், இருவர் கணக்கும் ஒரே ஆளிடம் போய்விட்டதாம்.

மனைவி பின்னாலிருந்து எட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் தோள் குலுங்கியது. "இவங்களுக்கெல்லாம் யார் இப்படிக் கத்துக் குடுத்தாங்க?"

"நான்தான்" என்றார் அவர்.

அந்த நீண்ட கட்டுரையை எப்படியாவது உடைத்துவிடவேண்டும் என்று அவர் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்றைக்காவது, ஏதாவது ஒரு சின்ன விஷயத்திலாவது, தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டிருப்போம் அல்லவா? அந்த ஒரு பதிவைக் காட்டிவிட்டால் போதும். தன் பழைய பதிவுகளை முதலிலிருந்து புரட்டினார். தாடி வந்தது, சாயம் வந்தது, மூளை வெற்றிடம் வந்தது. சில இடங்களில் அவரே முகம் சுளித்தார். மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

அப்படி ஒரு பதிவு இல்லவே இல்லை.

அவர் அந்தக் கட்டுரையை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தார். ஆதாரங்கள் கச்சிதமாக இருந்தன. எழுதிய ஆளிடம் விஷயம் இருக்கிறது என்று தோன்றியது. கீழே இருந்த விருப்பக்குறியை அழுத்திவிட்டு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.