பதினோராம் கேள்விக்கு ஒரு நிமிடம்

எனக்குப் பொறுமை கிடையாது. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைப்பவள் இதைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் உண்மை அதுதான்.

அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் மையத்தில், மறுபடி வேலைக்குப் போக நினைப்பவர்களிடம் கேட்க இருபது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. என்னோடு வேலை செய்யும் நைஜீரியத் தோழி சினியெரே, அதைத் இக்போ மொழி பேசும் தன் மக்களுக்கு ஏற்ற மாதிரி எழுத ஆறு மாதம் எடுத்துக்கொண்டாள். எழுதியது என்னவோ இரண்டு நாள்தான், மீதி நாளெல்லாம் ஆட்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டேன் என்றாள். நான் தமிழ்ப் படிவத்தை ஒரே வாரத்தில் முடித்து, தலைகால் புரியாத பெருமையோடு சுந்தரராமன் அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

அங்கிளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏழு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. கையும் காலும் தேறிவிட்டன. பேச்சுதான் திக்கித் திக்கி வரும், அதிலும் ஆங்கிலத்தைவிடத் தமிழ் கொஞ்சம் தேவலை. திங்கட்கிழமை ஆபீஸில் சேர வேண்டும். முழு நாளா, அரை நாளா, போன் மீட்டிங் உண்டா என்பதையெல்லாம் டாக்டர் இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். அது தப்பாகிப் போனால், முதல் வாரமே அங்கிள் எல்லார் முன்னாலும் வார்த்தை வராமல் நிற்பார். அப்புறம் அந்த வேலை நிலைக்காது.

முதல் கேள்வியைக் கேட்டேன். பதில் சமையலறைப் பக்கமிருந்து வந்தது.

"அதெல்லாம் நல்லா டைப் பண்றார்மா" என்றார் அவர் மனைவி நாகலக்ஷ்மி ஆன்ட்டி.

இரண்டாவதுக்கும் அவரே. மூன்றாவதுக்கும் அவரே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நோயாளி தனியாக இருந்து பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் வாய் நிறைய ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு, பேசாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? காபி கேட்டேன்.

ஆன்ட்டி உள்ளே போனதும் வேலை வேகம் பிடித்தது.

"ஆபீஸ்ல மத்தவங்ககிட்ட ஹெல்ப் கேட்க முடியுமா அங்கிள்?"

தலையாட்டினார்.

"போன்ல பேச முடியுமா?"

வாயைத் திறந்தார். வார்த்தை சிக்கியது.

"முடியும்னு சொல்றீங்க, இல்லையா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். சிரித்தபடி தலையாட்டினார். ஐந்துக்கு ஐந்து போட்டேன். மளமளவென்று பத்துக் கேள்விகள் முடிந்தன.

காபியோடு வந்த ஆன்ட்டி படிவத்தை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"போன்ல அஞ்சா? யாரு சொன்னா?"

"அங்கிள்தான் ஆன்ட்டி. தலையாட்டினாரே."

"ஐயோ ஹம்சா, இவர் தலையாட்டினா சரின்னு அர்த்தமில்லம்மா. வீட்டுக்கு வந்த பொண்ணு வெயிட் பண்ணவேண்டாமேன்னு ஆட்டுவார். டெலிவரிக்கு வர்றவன் எது கேட்டாலும் ஆட்டுவார். அதுக்குத்தான் நான் முந்திக்கிட்டுப் பேசறேன். நாலு பேர் முன்னாடி இவர் தவிக்கறதை என்னால பார்க்க முடியல."

அங்கிள் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆன்ட்டியாவது அவரைக் காப்பாற்றுவதற்காகப் பேசினார். நான் சீக்கிரம் கிளம்புவதற்காகப் பேசினேன்.

எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன்.

"ஆன்ட்டி, நீங்க எங்கயும் போக வேண்டாம், இங்கயே உட்காருங்க. ஆனா நாம ரெண்டு பேரும் வாயே திறக்கக்கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை அங்கிளே பேனாவைப் பிடித்தார். டைப் அடிப்பதற்கு நான்கு போட்டார். உதவி கேட்பதற்கு இரண்டு. போனுக்கு ரொம்ப யோசித்து ஒன்று போட்டார். அரை மணி நேரம் கழித்துப் பதினோராம் கேள்விக்கு வந்தோம்.

"வேலைக்குத் திரும்பறதுல உங்களுக்கு எது பயமா இருக்கு, அங்கிள்?"

வாயைத் திறந்தார். மூடினார். ஆன்ட்டியின் உதடு அசைந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மீட்டிங்கா, கார் ஓட்டுவதா, மறுபடி ஸ்ட்ரோக் வந்துவிடுமோ என்றா? என் நாக்கு நுனிவரை வந்த எல்லாவற்றையும் விழுங்கினேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அங்க..." என்றார் அங்கிள். நெற்றியில் வியர்த்திருந்தது. "அங்க... நாகு... இருக்க... மாட்டா."

ஆன்ட்டி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது.

அங்கிள் மெல்லக் கையை நீட்டி ஆன்ட்டியின் முழங்கையைத் தொட்டார். யாரும் எடுத்துக் கொடுக்காமல் அடுத்த வார்த்தைகளையும் அவரே தேடிப் பிடித்தார்.

"அரை நாள்... போறேன். சாப்பாட்டுக்கு... வந்துடறேன்."