தண்ணீர்ச் சோதனை

பஞ்சர் கடைக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டும். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அப்புறம் ஒட்டு. இதை வைத்தே இத்தனை வருடமாகப் பெரிய நிபுணன்போல நடந்துகொண்டிருந்தேன்.

என் உணவுக்குழாயில் புற்றுநோய் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மேல்படலத்தோடு நிற்கிறதாம், வாய்வழியாகக் குழாய் விட்டு அதை மட்டும் உரித்தெடுத்துவிடலாமாம். சுவர் மெல்லியது, உரிக்கும்போது ஓட்டை விழலாம், விழுந்தால் உள்ளேயே கிளிப் போட்டு மூடுவோம் என்றும் சொன்னார். எங்கள் கடையில் ஒட்டுக்கு கேரண்டி உண்டு, உங்களிடம் எப்படி என்று கேட்டேன். அவர் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்கவில்லை.

உரித்து முடித்து வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். சொல்லும்வரை ஒரு சொட்டுகூட வாயில் படக்கூடாது என்று நர்ஸ் எச்சரித்துவிட்டுப் போனார். மாலையில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு வலி கிளம்பி முதுகுவரை போனது. நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், ஆமாம், ஓட்டைதான் என்று சொல்லிவிடுவாரே. பயத்தில் புத்தி நேராகக் கடைக்குப் போய்விட்டது. ஒரு வாய் தண்ணீர் விட்டுப் பார்ப்போம், கசிந்தால் உள்ளே தெரியாதா? மனைவியின் டம்ளரை எடுத்தேன்.

உதட்டில் படப்போகும் நேரம் அவள் கழிவறையிலிருந்து வந்தாள். டம்ளர் பறந்தது.

"மூளை கழண்டு போச்சா உங்களுக்கு?"

"ஓட்டை இருக்கான்னு பாக்கத்தான்..." என்றேன். குரல் யாருடையதோபோல மூக்கால் வந்தது.

திட்ட வாயெடுத்தவள் என் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு பக்கம் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினாள். தோலுக்கடியில் நறநறவென்றது. கடையில் டயருக்குக் காற்றடிப்பவள் அவள்தான்.

"காத்துங்க" என்றாள், மிக மெதுவாக. பிறகு தாழ்வாரமே அதிரும்படி நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஸ்கேன், மறுபடி மயக்கம், மறுபடி குழாய். கண் திறந்தபோது, சின்ன ஓட்டைதான், கிளிப் போட்டாயிற்று என்றார் டாக்டரம்மா. அந்தத் தண்ணீர் இறங்கியிருந்தால் நெஞ்சுக்குள் கசிந்து சீழ் பிடித்திருக்குமாம்.

சில நாள் கழித்து, மருந்தை விழுங்கவைத்துப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, கசிவில்லை, இனிக் குடிக்கலாம் என்றார்கள். மனைவி டம்ளரை நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

"அன்னைக்கு அவ்வளவு அவசரம். இப்ப என்னவாம்?"

"நீயே குடு."

ஒரு கையால் டம்ளரைச் சாய்த்தாள். இன்னொரு கையின் விரல்கள் என் கழுத்தில் இருந்தன. விழுங்கினேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று காத்திருந்தோம்.