பீச்சாங்கை முடிச்சு போட்ட பெட்டி

காந்தாவோடு உட்கார்ந்து டிவியில் பழைய படம் பார்ப்பது லேசான காரியமில்லை. கதாநாயகி விஷக் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டு போவாள், எதிர்வீட்டு சரோஜா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டு போவாள், சரியாக அந்த நேரம் பார்த்துக் காந்தா வாயைத் திறப்பாள்.

"அந்தப் பூஜாடியப் பாருடி. போன வாரம் ராஜா அரமணைல இருந்துச்சே, அதே ஜாடி."

"அவ சாவப் போறாடி! ஜாடியப் பாக்கச் சொல்றியே."

"எங்க சாவப் போறா? நாளிக்கி வேற படத்துல அதே சோபால குந்திக்கினு இருப்பா பாரு."

பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் அவளுக்கு 'சிஐடி காந்தா' என்றே பெயர். காலையில் மீன் விற்றுவிட்டு வந்து, மதியம் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஒரே மாடிப்படியில் எத்தனை மாமியார்கள் கோபமாக இறங்கினார்கள், எந்த ராஜாவின் சிம்மாசனம் துணியை மாற்றிக்கொண்டு ஜமீன்தார் வீட்டுக்குக் குடிபோனது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆனால் அவள் தேடியது ஜாடியுமில்லை, சிம்மாசனமுமில்லை. ஒரு மரப்பெட்டி.

முப்பது வருஷத்துக்கு முன்னால், டச்சுக்காரர் காலத்துக் கதை ஒன்றை எடுக்கப் பழவேற்காட்டுக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. அசல் டச்சுக் கல்லறைகள் ஊருக்குள்ளேயே நிற்க, அவை போதிய அளவு பழசாகத் தெரியவில்லையென்று அட்டையில் கல்லறை செய்தார்கள். மணல்மேட்டில் பிளைவுட் கோட்டை கட்டினார்கள். வேடிக்கை பார்க்கப் போன காந்தாவின் புருஷன் சகாதேவன், டச்சு துரையின் அறைக்கு ஒரு பழைய பெட்டி வேண்டுமென்று யாரோ சொன்னதும், வீட்டுக்கு ஓடி வந்து அவன் அம்மாவின் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். இரண்டு நாளில் தருகிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் கோட்டையுமில்லை, கம்பெனியுமில்லை, பெட்டியுமில்லை.

அந்தப் பெட்டி மகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. மகள் என்றால் சகாதேவனின் அக்கா கஸ்தூரியம்மாள். ஆரம்பாக்கத்தில் வாக்கப்பட்டவள். பெட்டியை எடுத்துப் போக வந்தவள், தம்பி சொன்னதை ஒரு சொல்கூட நம்பவில்லை. காந்தா அப்போது பூபதியைப் பெற்றெடுக்கத் தாய்வீடு போயிருந்தாள். அது போதாதா?

"நம்ம கருவாட்டு நாத்தம் புடிச்ச பொட்டி சினிமாக்காரனுக்கு இன்னாத்துக்குடா? பொண்டாட்டி அவ ஆத்தா வூட்டுக்கு அள்ளிக்கினு போய்ட்டா, நீ இங்க கத வுடுற."

அன்றைக்கு நின்றது பேச்சு. இரண்டு வருஷத்துக்கு முன் சகாதேவன் இறந்தபோது வந்தாள், மண்ணில் விழுந்து அழுதாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாள். இப்போது பூபதிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளைக்கு முதல் நலங்கு அத்தை கையால்தான். பத்திரிகை கொண்டுபோன பூபதியிடம் அத்தை அதை வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஒரு பேய் பங்களா படம். காமெடியன் ஒரு பச்சைப் பெட்டிமேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். பேய் வந்ததும் எழுந்து ஓடினான். காந்தா கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டாள்.

"சரோஜா! நிறுத்துடி!"

"டிவிய எப்டிடி நிறுத்தறது? அது இன்னா பஸ்ஸா?"

ஆனாலும் சரோஜா கெட்டிக்காரி. அதே படத்தை செல்போனில் தேடி எடுத்து, காமெடியன் ஓடுகிற இடத்தில் அசையாமல் நிறுத்திக் கொடுத்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தில் பித்தளைக் கைப்பிடி. மறுபக்கத்தில் கைப்பிடி உடைந்து, வலைக்கயிற்றைப் பின்னிக் கட்டியிருந்தது. பச்சை பெயின்டு அடித்தவன் கயிற்றுக்கும் சேர்த்து அடித்திருந்தான். முடிச்சு மட்டும் மறையவில்லை.

சகாதேவனுக்கு இடக்கைப் பழக்கம். ஊரில் எல்லார் முடிச்சும் ஒரு பக்கம் சாய்ந்தால் அவனுடையது மறுபக்கம் சாயும். கிழிந்த வலையை அவன் தைத்திருந்தால், தொட்ட உடனே, "தோ, பீச்சாங்கை முடிச்சு" என்பார்கள். காந்தா அந்த முடிச்சை விரலால் தொட்டாள். படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் சரோஜாவின் போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்து ஆரம்பாக்கத்தில் இறங்கினாள். கஸ்தூரியம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணி, நான் குந்தறதுக்கு வரல. இத ஒரு தபா பாருங்க, போதும்."

கஸ்தூரியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கையைத் தூர நீட்டிப் பார்த்தாள்.

"இதுல பச்சையா? போலீஸ் படத்துல சேப்பால்ல இருந்துச்சு."

காந்தா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் போலீஸ் படத்துல?"

"கடத்தல்காரன் துப்பாக்கி ஒளிச்சு வெப்பானே. அப்பால ஒரு சீரியல்ல மாமியார்காரி நகையப் போட்டுப் பூட்டுவா. ஒம்போது மாசம் ஓடுச்சு, தெனம் ஏழரைக்கு."

"ஒம்போது மாசம் பாத்தியா நீ!" முப்பது வருஷ மரியாதை காற்றில் பறந்தது. "நான் திருடின்னு ஊர் பூரா சொல்லிட்டு, தெனம் ஏழரைக்கு அதக் கண்ணால பாத்துக்கினு இருந்தியா? எப்ப பாத்த?"

"ஆறு வருசம் ஆவுது."

"அப்ப அவரு உசுரோட இருந்தாரு."

கஸ்தூரியம்மாள் குனிந்து மிளகாயைக் கிளற ஆரம்பித்தாள். கிளறினதையே மறுபடியும் கிளறினாள்.

"பொட்டி எந்தப் படத்துலயும் வரல, நீ பொய் சொல்றேன்னு காட்டத்தாண்டி மொதல்ல டிவி முன்னால குந்தினேன். பொட்டி வந்து நின்னுடுச்சு. நான் இன்னா பண்ணுவேன்? வந்து இன்னான்னு சொல்றது? இன்னிக்கி நாளிக்கின்னு தள்ளிக்கினே இருந்தேன். அவன் செத்துப் பூட்டான். அன்னிக்கி ஒரு சொம்பு தண்ணி குடுத்தியே நீ... எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வாங்கிக் குடிப்பேன்?"

திட்டுவதற்குக் காந்தா வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போனுக்காகக் கையை நீட்டினாள்.

"இரு. அவன் கட்டின கயித்த இன்னொரு தபா பாத்துக்கறேன்."

கஸ்தூரியம்மாள் விரல் எங்கேயோ பட்டு, படம் ஓடத் தொடங்கியது. நிறுத்தத் தெரியாமல் இருவரும் பார்த்தார்கள். பேய், வெள்ளைப் புடவையோடு மாடிப்படியில் இறங்கியது.

"இந்தப் படிக்கட்டு—" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"ஜமீன்தார் படத்துல வந்தது," என்றாள் காந்தா. "கைப்புடியப் பாருங்க, யானை மூஞ்சி."

"அதான! நான் சொன்னா இந்த வூட்ல ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்."

படம் முடியும்போது மிளகாயில் நிழல் விழுந்துவிட்டது. காந்தா எழுந்தாள். "வெள்ளிக்கெழம வாங்க. மொதல்ல எங்க வூட்ல ஒரு சொம்பு தண்ணி குடிங்க. அப்பால நலங்கு வைங்க."

"தண்ணியோட அனுப்பிடுவியா? மீனு கெடையாதா?"

"நலங்கன்னிக்கி மீனு கேக்குது பாரு வாய்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கஸ்தூரியம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்று சொம்பை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். உள்ளே, வாடகைக்கு எடுத்த தங்கநிற ராஜா நாற்காலியில் பூபதி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். அத்தை கை நிறைய சந்தனம் எடுத்துக் கன்னத்தருகே கொண்டு போனாள். அப்படியே நின்றாள்.

"காந்தா, இந்த நாக்காலி..."

"பேசாம வைங்கண்ணி. நல்ல நேரம் போவுது."

"நம்ம பங்காளி வரதன் பொண்ணு கல்யாணத்துல இருந்ததுதான? சேப்புத் துணிய எடுத்துட்டு நீலத்தப் போட்டுட்டானுங்க."

"பின்னாடி பாருங்க," என்றாள் காந்தா தணிந்த குரலில். "செதுக்கின சிங்கத்துக்கு ஒரு காது இருக்காது."

கஸ்தூரியம்மாள் சந்தனக் கையோடு மாப்பிள்ளையைச் சுற்றிப் பின்னால் போனாள். காது இல்லைதான்.