ஏழாவது கேஸ்

அப்பாவின் வாயோரம் வழிந்த தண்ணீரை மகள் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுதிக்கோ. ஏழாவது கேஸ் தப்பு."

"என்னப்பா தப்பு?"

"ஒண்ணுதான்னு போட்டுட்டேன். ரெண்டு இருக்கு."

அவளுக்குக் கணக்கு என்றாலே வேப்பங்காய். ஆனாலும் பன்னிரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு இவ்வளவு தெரியும்: கணக்கில் 'குலம்' என்கிற பெரிய தொகுதி ஒன்று, அதற்குள் உட்குலங்கள், வெளியிலிருந்து ஒரே ஒரு உறுப்பைச் சேர்த்தாலும் முழுக் குலமாகிவிடும் அளவுக்கு அவற்றில் சில பெரியவை. அப்பாவின் குட்டி உட்குலம் அப்படிப்பட்ட ஒன்றே ஒன்றுக்குள்தான் அடங்கும் என்று ஏழு கேஸாகப் பிரித்து நிரூபித்திருந்தார். கட்டுரை அடுத்த வாரம் அச்சில் வருகிறது. அந்த ஒன்றுக்காக மனிதர் அவள் கல்யாணத்தன்றுகூடக் கைக்குட்டையில் கிறுக்கிக்கொண்டிருந்தார்.

மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினாள். பத்து வரி. "திருப்பிப் படி" என்றார். படித்தாள். "சரி. அவன்கிட்ட குடுத்துடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். தனக்கென்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மதியம் மூச்சு நின்றது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை கூடம் நிறைய ஆட்கள். 'அவன்' வந்தார். அப்பாவின் பழைய மாணவர், தலை நரைத்த பேராசிரியர், அந்த வீட்டில் மட்டும் இன்னும் குட்டி வாத்தியார்.

"பன்னெண்டு வருஷ உழைப்பும்மா. ஒரு ஓட்டை கிடையாது. சார் நிம்மதியா போயிருப்பார்."

சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. சும்மா இருந்தால் அப்பாவின் பெயராவது நிற்கும். ஆனால் அவள் படித்தபோது ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையசைத்தாரே, அதை என்ன செய்வது?

"நிம்மதியா போகலண்ணா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே படித்தார். சுவரில் சாய்ந்து இன்னொரு தடவை படித்தார். முகம் செத்துப்போயிற்று.

"சரியாத்தான் சொல்லியிருக்கார். மொத்தமும் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ குடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

"எனக்கும் அதான் தோணிச்சு."

அமரர் ஊர்திக்காரர் வந்து கிளம்பலாமா என்று கேட்டார். அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி வழியே பார்த்தால், குட்டி வாத்தியார் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று கட்டுரையை அச்சிடும் பத்திரிகையின் ஆசிரியரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஒருவரும் இல்லை. அவருடைய இன்னொரு கை இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.