இடது பக்கம் பார்ப்பவள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சந்திரா என்ற பெண் சொன்னது. பஸ் வர நேரமாகும், டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவள் ஆரம்பித்தாள்.

"சண்டக் காலத்துல எங்க பெரியம்மாதான் லாரிக்கு எடது கண்ணு."

நான் எழுத உட்கார்ந்திருப்பது 1949 ஜனவரியில். நடந்தது இதற்கு ஐந்து வருஷம் முன்னால், திருத்தணியில்.

2

எப்படித் தொடங்குவது?

"உலக யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், சென்னை மாகாணத்தின் ஒரு மூலையில்..." அடித்துவிட்டேன். திருத்தணிக்கு யுத்தம் அப்படி வரவில்லை. ஆட்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான்.

"துரைக்கண்ணு தன் ஒற்றைக் கண்ணால் இந்த உலகத்தை..." இதுவும் வேண்டாம். பெயரில் கண் இருக்கிறதே என்று விளையாடப் பார்க்கிறேன். (பெரியம்மாவின் கணவர் பெயர் நிஜமாகவே துரைக்கண்ணுதான் என்று சந்திரா அடித்துச் சொன்னாள்.)

நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

பரந்தாமன் என்பவருக்கு மூன்று லாரிகள் இருந்தன. டிரைவர்கள் மூன்று பேர், கிளீனர்கள் மூன்று பேர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், வண்டி ஓட்டத் தெரிந்தவன் உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஊரில் ஏர் ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். லாரி ஓட்டுகிறவனை விரல்விட்டு எண்ணலாம். ஒருவனை டிரைவராக்க இரண்டு வருஷமாவது பிடிக்கும். கொண்டுபோக ஒரு காலைப்பொழுது போதும். டிரைவர் இரண்டு பேரும் கிளீனர் மூன்று பேரும் ரயிலேறிப் போனார்கள்.

மூன்றாவது டிரைவர் துரைக்கண்ணுவும் போனார். வேலூரில் டாக்டர் அவருடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"செவுரு இருக்குதுங்க" என்றார் துரைக்கண்ணு.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடது கண்ணில் பூ விழுந்திருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. மனைவி ரத்தினம்மாளிடம் மட்டும் சொன்னார். ஊரை விட்டுப் போக மனசு வரவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவைத்தார். பரந்தாமன் மனம் நெகிழ்ந்து, அந்தப் பொங்கலுக்கு அவருக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

4

இரண்டு லாரிகளைக் கல்லடுக்கி நிறுத்திவிட்டார்கள். அவற்றின் அடியில் கோழிகள் முட்டையிட்டன. ரயிலில் வந்த ரேஷன் அரிசி ஸ்டேஷனிலேயே கிடந்தது. ஆர்.கே.பேட்டையில் ஜனங்கள் பையோடு வந்து, பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மாட்டு வண்டிகள் அறுவடைக்குப் போய்விட்டிருந்தன. மிச்சம் ஒரு லாரி, ஒரு டிரைவர்.

பெட்ரோல் கிடைக்காததால் அதுவும் கரியில் ஓடுகிற வண்டி. பின்னாலிருக்கும் அடுப்பில் கரியைப் போட்டு, காற்றாடியை அரைமணி நேரம் கையால் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். சுற்றுவதற்குக் கிளீனர் இல்லை. ரத்தினம்மாள் வந்து சுற்றினாள். சுற்றியவள் வழியில் கரி போடவும் வேண்டுமே என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஊருக்குத் தெரிந்த காரணம் அது.

உட்கார்ந்தது துரைக்கண்ணுவின் இடது பக்கம்.

"பாவா, மாடு ஒண்ணு." "பொம்பளைங்க ரெண்டு பேரு, ஓரமா போறாங்க." "வண்டி நிக்குது, ஒதுங்கு."

அவளுடைய மாமன் மகன் அவர். பாவா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு மாதத்தில் அவள் குரல் கேட்ட மாத்திரத்தில் அவர் கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பியது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளிலும், வேறு பேச்சில்லாமல், சாலையை மட்டும் சொல்லிக்கொண்டு வருவாள்.

(ரத்தினம்மாள் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள் என்று முதலில் எழுதியிருந்தேன். எனக்கு அப்படித்தான் இருந்திருக்கும். பயமாக இருந்திருக்குமே என்று அன்று நான் கேட்டபோதே சந்திரா ஒத்துக்கொள்ளவில்லை. பெரியம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதற்குமுன் ஆர்.கே.பேட்டையைக்கூடப் பார்த்ததில்லை அவள் என்றாள். பயத்தை எடுத்துவிட்டேன்.)

5

முகமெல்லாம் கரியோடு ஒரு பெண்பிள்ளை லாரியில் போவதும் வருவதும் பேச்சாகிவிட்டது. பரந்தாமனின் வீட்டிலேயே பேசினார்கள். அவர் எல்லப்பனைக் கிளீனராகச் சேர்த்துக்கொண்டார். எல்லப்பன் பொதட்டூர்பேட்டை நெசவாளி. நூல் வராததால் தறி நின்று வேலை தேடி வந்தவன். நூல் ஏன் வரவில்லை என்றால், ஏற்றிவர லாரி ஓடவில்லை.

ரத்தினம்மாளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி அவள் கணவரைக் கேட்டுக்கொண்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நான்கு நாள் அதையே சொன்னார். இருந்த ஒரே டிரைவர் என்று ஊர் கொடுத்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையில், ஆர்.கே.பேட்டை ரோட்டில் இடதோரமாக நிறுத்தியிருந்த, சுப்பிரமணி என்பவனின் மாட்டு வண்டிமேல் லாரி மோதியது. வண்டி நொறுங்கியது. ஒரு மாட்டுக்குக் கால் முறிந்தது. சுப்பிரமணி வயலில் போய் விழுந்தான், மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"பாத்துகினுதான் இருந்தேன்" என்றான் எல்லப்பன். "அவரும் பாக்கறாருன்னு நெனச்சேன்."

6

அன்று சாயங்காலமே துரைக்கண்ணு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பரந்தாமன், வலது கண் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவரே வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனில் அறுபது மூட்டை கிடக்கிறது, பேட்டைக் கடை பூட்டி மூன்று நாளாகிறது என்றார். துரைக்கண்ணுவைப் பார்க்காமல் ரத்தினம்மாளைப் பார்த்துத்தான் பேசினார். இனிமேல் அவளே ஏறிக்கொள்ள வேண்டுமாம். ஊர் பேசுவதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

"தெரிஞ்சே அனுப்பறீங்களா மொதலாளி?"

"வேற டிரைவர் இருந்தா நீயே சொல்லும்மா."

ரத்தினம்மாளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மறைத்த கணவன்மேலா, மறைத்தது தெரிந்தும் கேட்கிறவர்மேலா? பேட்டைக் கடைவாசலில் பையோடு நிற்பவர்கள்மேல் கோபப்பட முடியாது. நேற்று விழுந்தவனையும் மறக்க முடியாது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான் நிறுத்துன்னா வண்டி நிக்கணும் பாவா. எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"ஆங்" என்றார் அவர். இத்தனை நாளில் அவர் அவளிடம் தலைகுனிந்தது அன்றைக்குத்தான்.

காற்றாடியைச் சுற்றினாள். லாரி கிளம்பியது.

7

இந்த இடத்தில் சந்திராவின் பஸ் வந்துவிட்டது.

அவர்கள் இப்போது ரேணிகுண்டாவில் இருக்கிறார்களாம். விலாசம் என்னிடம் இருக்கிறது. கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். வளைவில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் இடது பக்கத்திலிருந்து... அவளுக்குப் பெயர் வைக்கக் கை வரவில்லை. இன்னொன்று: யுத்தம் முடிந்தது, போன டிரைவர்கள் திரும்பினார்கள், துரைக்கண்ணு லைசென்சைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக... அதில் எல்லோருக்கும் மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. கேட்காமலே.

மூன்றாவது இது. பாதி வழி போனதும், கையில் கட்டோடு சுப்பிரமணி ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தான். ரத்தினம்மாள் நிறுத்தச் சொன்னாள். லாரி நின்றது. வண்டி எங்கே போகிறது என்று கேட்டான். பேட்டைக்கு, அரிசி என்றாள். அவன் வீடும் பேட்டையில்தான். அவன் வீட்டிலும் அரிசி இல்லை. அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் ஏறி உட்கார்ந்தான். லாரி வேகமெடுத்தது.

"கொஞ்சம் மெதுவா போவச் சொல்லும்மா" என்றான் பிறகு.

சுப்பிரமணி ஏறியதாகச் சந்திரா சொல்லவில்லை. நான்தான் ஏற்றினேன். இவ்வளவு சுலபமாக அவன் ஏறியிருக்க மாட்டான் என்று உங்களுக்குத் தோன்றினால் இங்கேயே இறக்கிவிடுங்கள். பேட்டைக்கு இன்னும் எட்டு மைல் இருக்கிறது.