உப்பு போடாத கரை

நொச்சித்திடலில் கார்த்திகை மூன்றாம் தேதி விடியற்காலை பனி கொட்டியது. மார்கழியில் புல்நுனியில் நிற்கிற பனி இல்லை. குளிர்தேசத்தில் விழுகிற வெள்ளைப் பனி. ஊரிலிருந்து பாபநாசம் மெயின் ரோடு வரைக்கும் போகிற வாய்க்கால் கரைமேல் மட்டும், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, முழங்கால் உயரம் கிடந்தது. கரைக்கு இந்தப் பக்கம் தாளடி வயலில் தவளை கத்தியது. அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வழக்கம்போலக் கலங்கலாக ஓடியது. அன்றைக்குத் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

நாற்பத்திரண்டு வீடுள்ள அந்த ஊருக்கு அந்தக் கரை ஒன்றுதான் வழி. ஐப்பசி பிறந்தால் அது களிமண் சேறாகிவிடும். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ரோடு கேட்டு ஊர் கொடுத்த மனுக்கள் பத்தொன்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்சத்தின் மருமகள் மதிவதனியை இடுப்புவலியோடு கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தூக்கினவர்களின் கால் அடிக்கு அடி புதைந்தது. பாதி வழியில் கரையிலேயே பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அம்சத்தின் மகன் அன்பரசன் கனடாவுக்குப் போனான். நடுவில் ஒருமுறை லீவில் வந்துபோனான். இப்போது மதிவதனிக்கு மறுபடியும் நிறைமாதம். எட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக இருந்தார்கள். எப்படிக் கொண்டுபோவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்பரசன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. ஐஸ் கம்பெனி என்று அம்சம் சொல்லிவைத்திருந்தாள். அவன் பார்த்தது, பனியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தடம் போடுகிற வேலை. சீசனுக்கு முன்னால் தடத்தில் சாய்ந்த மரத்தை அறுப்பான், திருப்பத்துக்குத் திருப்பம் கம்பு நடுவான், பனி விழுந்ததும் பெரிய இயந்திரத்தால் இழுத்துச் சமன்செய்து அமுக்குவான். இருபது கிலோமீட்டருக்கு ஒரு மனித முகம் தென்படாது. அம்சம் வீடியோ காலில் கரையைக் காட்டியதும் அவன், "அம்மா, அதுல யாரையும் கால் வைக்க விடாதே. ராஜாங்கம் மாமாவ பவர் டில்லரோட கூப்பிடு" என்றான்.

இராஜாங்கம் அம்சத்தின் தம்பி. சேற்று வயலைச் சமன்செய்ய இழுக்கிற பரம்புப் பலகையைத் தன் உழவு டில்லருக்குப் பின்னால் கட்டி, பாரத்துக்கு இரண்டு பேரை அதில் உட்காரவைத்து, கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினார். இழுத்து முடித்தபின் நாலு மணி நேரம் யாரும் தொடக்கூடாது, அது தானாக இறுகும் என்று அன்பரசன் போனில் சொன்னான்.

"இதுக்கா மாப்ளே கனடா போன? பரம்படிச்சா சேறு அடங்க விடறோம்ல, அதானே இது?"

"அதேதான் மாமா" என்று அன்பரசன் சிரித்தான். அவன் சிரித்து அம்சம் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மத்தியானத்துக்குள் கரை சிமெண்ட் தரைபோல ஆயிற்று. பள்ளிக்கூடப் பெண்கள் செருப்பு நனையாமல் சைக்கிளில் வந்தார்கள். மீன் விற்கிற சித்தீக் கார்த்திகை மாதத்தில் முதல்முறையாக வண்டியோடு ஊருக்குள் வந்தார். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். மதகுக்குப் பக்கத்தில் பனி வெயிலில் வியர்ப்பதைப் பார்த்தவர், ஐந்தாம் தேதி சாயங்காலம் இரண்டு மூட்டை வேதாரண்யத்து உப்பைக் கொண்டுவந்து அங்கே நாற்பது அடிக்கு ஒரே சீராகத் தூவிவிட்டுப் போனார்.

ஆறாம் தேதி காலை ஆறு மணிக்கு மதிவதனிக்கு வலி எடுத்தது. அந்த நாற்பது அடி அப்போது பழையபடி சேறாகக் கிடந்தது. சித்தீக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மீன் பொட்டில ஐஸ் மேல போட்டா நிக்குதுல்லக்கா. இதுக்கும் நிக்கும்னு நெனச்சேன்."

"நல்லதுக்குத்தானே செஞ்ச. எழுந்திரு, கூடை எடுத்தா" என்றாள் அம்சம்.

உப்புப் பட்டதை ஒரு பிடி விடாமல் வாரிக் கொட்டி, கரையோரத்துப் பனியை அள்ளி நிரப்பி, மறுபடி பரம்படித்தார்கள். மணி எட்டேகால். இனி நாலு மணி நேரம். அவ்வளவு நேரம் தாங்காது, கட்டிலில் தூக்கிவிடலாம் என்று ஆண்கள் சொன்னார்கள். மதிவதனி மட்டும் சம்மதிக்கவில்லை. "கட்டில் வேணாம் அத்தை. போன தடவை அவசரப்பட்டுத்தான் போனோம். அது இறுகட்டும், நான் பொறுத்துக்கறேன்."

ஊரே கரையில் குந்தி, உலை கொதிக்கக் காத்திருப்பதைப்போல அந்த நாற்பது அடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கனடாவில் அன்பரசன் இயந்திரத்தைத் தடத்திலேயே நிறுத்திவிட்டு, போனை வைக்காமல் மணி பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டேகாலுக்கு இராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். புதையவில்லை. பரம்புப் பலகையில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, மதிவதனியை உட்காரவைத்தார்கள். அம்சம் பின்னால் அணைத்துக்கொண்டாள். பலகை ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மதகு, களத்துமேடு, மெயின் ரோடு, ஆம்புலன்ஸ். ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. பிறந்ததும் அழுதது. அந்தச் சத்தத்தைப் போனில் கேட்டபிறகுதான் அன்பரசன் இயந்திரத்தைக் கிளப்பினான்.

குழந்தைக்குக் குந்தவை என்று பெயர் வைத்தார்கள். அறுவடை முடிந்ததும் முதல் மரக்கால் நெல்லைக் கரைக்குப் படையலாக வைத்தார்கள். குருவிகள் வந்து தின்றன. அடுத்த நாலு வருஷமும் அதே தேதியில் பனி கொட்டியது. புரட்டாசியிலேயே ஊர் கூடிக் கரையோரக் கருவை முள்ளை வெட்டி, திருப்பங்களில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டு, பலகையைச் சீவி வைத்தது. இரண்டாம் வருஷம் அன்பரசன் அங்கே வேலையை விட்டு வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். ஐந்தாம் வருஷம் ஆவணியில், இருபதாவது மனுவுக்குத் தார்ரோடு வந்தது.

அந்தக் கார்த்திகை மூன்றாம் தேதி எல்லோரும் வழக்கம்போல விடியற்காலை போய் நின்றார்கள். ரோடு கறுப்பாக நனைந்து கிடந்தது, அவ்வளவுதான். ஏழு மணிக்குச் சித்தீக் வண்டியில் வந்து, கிழக்கே கோரைத்திடல் கரையில் முழங்கால் உயரம் கிடக்கிறது என்றார். கோரைத்திடலுக்கு ரோடு கிடையாது. அரை மணியில் பரம்புப் பலகையை டில்லரில் ஏற்றிவிட்டார்கள்.

கோரைத்திடல்காரர்கள் கரையோரம் திகைத்து நின்றார்கள். அம்சம் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குனிந்து பனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, நல்லதுதான். நாலு மணி நேரம் யாரும் கால் வைக்காதீங்க. உப்பு மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

சித்தீக் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இராஜாங்கம் டில்லரைக் கிளப்பினார்.